வக்கீல் கோட்டைவிட்ட வழக்கு: எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை எப்போது ரத்து செய்வார்கள், எப்போது மாட்டார்கள்?

கோர்ட் அமீனா ஜப்தி வாரண்டோடு வாசலில் வந்து நிற்கும்போதுதான் பலருக்கு விஷயமே தெரியவருகிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்று நம்பியிருந்தவருக்கு எதிராக ஒன்றரை வருடத்துக்கு முன்பே தீர்ப்பு ஆகியிருக்கும். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பீஸ் கொடுத்திருக்கிறார், போன் செய்தபோதெல்லாம் "வாய்தா போட்டிருக்கு, தேவைப்பட்டா கூப்பிடுறேன்" என்ற பதிலும் கேட்டிருக்கிறார். "வக்கீல் செய்த தப்புக்கு நான் ஏன் சொத்தை இழக்க வேண்டும்?" என்று அவர் கேட்டால், நியாயமான கேள்விதான்.

இதற்கு இந்தியச் சட்டத்தில் ஒற்றை வரி விடை கிடையாது. உச்ச நீதிமன்றமே 1981இல் ஒரு மாதிரியும் 1993இல் வேறு மாதிரியும் பேசியிருக்கிறது. இரண்டும் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகின்றன. எந்த வழக்கு எந்தப் பக்கம் விழும் என்று புரிந்துகொள்ள, எக்ஸ்பார்ட்டி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எக்ஸ்பார்ட்டி ஆவது எப்படி?

சிவில் வழக்குகளுக்கான விதிகள் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கின்றன. அதில் நமக்கு முக்கியமானது கட்டளை 9. நடப்பது இதுதான்:

1. வாதி வழக்குப் போடுகிறார். பிரதிவாதிக்குச் சம்மன் போகிறது.
2. சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பிரதிவாதி எதிருரை (வாதியின் வழக்குக்கான எழுத்துப்பூர்வப் பதில்) தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொன்னால் 90 நாள்வரை நீட்டிக்கலாம். சாதாரண வழக்குகளில் 90 நாளைத் தாண்டினாலும் விதிவிலக்காக அனுமதிக்கக் கோர்ட்டுக்கு இடமுண்டு என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வணிக வழக்குகளில் 120 நாள்தான் எல்லை, அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது.
3. பிரதிவாதியோ அவர் வக்கீலோ குறித்த நாளில் ஆஜராகாவிட்டால் அவரை "எக்ஸ்பார்ட்டி" ஆக்கி, ஒருதலையாக விசாரணையைத் தொடரலாம்.
4. வாதி நிரூபணப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, ஆவணங்களைக் குறியிடுகிறார். குறுக்கு விசாரணை செய்ய ஆள் இல்லை. தீர்ப்பும் தீர்ப்பாணையும் (தீர்ப்பின் முடிவைச் சொல்லும், அமல்படுத்தக்கூடிய உத்தரவு, டிக்ரி) வந்துவிடுகின்றன.

எதிர்த் தரப்பு வரவில்லை என்பதற்காகக் கோர்ட் கண்ணை மூடிக்கொண்டு வாதி கேட்டதையெல்லாம் கொடுத்துவிடக் கூடாது, காரணம் சொல்லித்தான் தீர்ப்பு எழுத வேண்டும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் "வாதி விசாரிக்கப்பட்டார், ஆவணங்கள் குறியிடப்பட்டன, வழக்கு நிரூபிக்கப்பட்டது" என்று மூன்று வரியில் முடியும் தீர்ப்புகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அப்படிப்பட்ட தீர்ப்பின் நகல் கையில் இருந்தால் மேல்முறையீட்டில் அதுவே ஒரு ஆயுதம். அதைப் பிறகு பார்ப்போம்.

இன்னொன்று. பிரதிவாதி தரப்பில் சாட்சியம் பெரும்பகுதி முடிந்த பிறகு வக்கீல் வராமல் போனால், அவர் வந்ததாகவே வைத்துக்கொண்டு கோர்ட் தீர்ப்புச் சொல்லலாம். அது எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகாது, கட்டளை 9இன் கதவு அதற்குத் திறக்காது. அதனால் முதல் வேலை, வழக்கு எந்த நிலையில் அறுந்தது என்று தினசரிக் குறிப்பை (ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்ததைக் கோர்ட் எழுதிவைக்கும் பதிவை) வாங்கிப் பார்ப்பது.

மூன்று கதவுகள்

முதல் கதவு கட்டளை 9இன் விதி 7. எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டார்கள், ஆனால் தீர்ப்பு இன்னும் வரவில்லை என்றால் இதில் மனுப் போடலாம். "நல்ல காரணம்" காட்டினால் போதும். பெரும்பாலும் ஒரு தொகையைச் செலவுத்தொகையாகக் கட்டச் சொல்லி அனுமதித்துவிடுவார்கள். வாதங்கள் முடிந்து தீர்ப்புக்காக ஒத்திவைத்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும் என்று 1964லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது, நம் பேச்சின் மையமான விதி 13. தீர்ப்பாணை வந்த பிறகு அதை ரத்து செய்யக் கோரும் வழி இது. இரண்டே காரணங்களைத்தான் இந்த விதி ஏற்கிறது: சம்மன் முறைப்படி சார்பு செய்யப்படவில்லை (பிரதிவாதியிடம் சேர்க்கப்படவில்லை), அல்லது வழக்கு அழைக்கப்பட்ட நாளில் ஆஜராக முடியாதபடி "போதுமான காரணம்" தடுத்தது. வக்கீல் வக்காலத்துப் போட்டுவிட்ட வழக்கில் முதல் காரணத்தைச் சொல்ல முடியாது. ஆக இரண்டாவது மட்டும்தான் மிச்சம்.

மூன்றாவது, பிரிவு 96(2)இன்படி நேரடி மேல்முறையீடு. இதில் "ஏன் வரவில்லை" என்ற கேள்வியை விட "வாதி நிரூபித்தாரா" என்பதுதான் பேசுபொருள். விதி 13 மனுவையும் மேல்முறையீட்டையும் ஒரே நேரத்தில் போடலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. மேல்முறையீடு வாபஸ் தவிர வேறு விதத்தில் முடிந்துவிட்டால், அதன்பின் விதி 13 மனு நிற்காது. அதனால் எதை முதலில் முடிவுக்குக் கொண்டுவருவது என்பதை யோசித்துச் செய்ய வேண்டும்.

வக்கீலின் தவறு இரண்டு இடத்தில் நுழைகிறது

பலரும் குழம்புவது இங்கேதான். "வக்கீல் சொல்லவில்லை" என்ற ஒரே வாக்கியம் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதிலாக வைக்கப்படுகிறது:

1. வாய்தா அன்று ஏன் ஆஜராகவில்லை? இது விதி 13 கேள்வி.
2. தீர்ப்பு வந்த பிறகு ஏன் இத்தனை நாள் மனுப் போடவில்லை? இது காலவரம்புச் சட்டக் கேள்வி.

1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 123ஆம் இனம், ரத்து மனுவுக்கு 30 நாள்தான் கொடுக்கிறது. சம்மன் முறைப்படி சார்பாகவில்லை என்றால் அந்த 30 நாள் விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஓடும். வக்கீல் ஆஜரான வழக்கில் அப்படியில்லை, தீர்ப்பாணையின் தேதியிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். உங்களுக்குத் தெரியாது என்பது கடிகாரத்தை நிறுத்தாது. அதைச் சரிக்கட்ட, பிரிவு 5இன் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனுப் போட வேண்டும். கோர்ட் முதலில் எடுப்பது இந்தத் தாமத மனுவைத்தான். அது தள்ளுபடியானால், நீங்கள் வாய்தாவுக்கு வராததற்கு எவ்வளவு நல்ல காரணம் வைத்திருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

நடைமுறையில் முதல் கேள்வியை விட இரண்டாவதுதான் பெரும்பாலான மனுக்களைக் கவிழ்க்கிறது. ஆஜராகாத நாள் ஒரு நாள். அதற்குக் காரணம் கண்டுபிடிப்பது எளிது. அந்தக் குறிப்பிட்ட நாளில் வராததற்கான காரணத்தைத்தான் பார்க்க வேண்டும், அதற்கு முன்பு வாங்கிய வாய்தாக்களையெல்லாம் தோண்டக் கூடாது என்று 2000இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. தாமதம் அப்படியல்ல, அது நூற்றுக்கணக்கான நாட்கள் இருக்கும்.

உச்ச நீதிமன்றம் போட்ட எதிரெதிர்க் கோடுகள்

1981, ரஃபீக் எதிர் முன்ஷிலால். அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு விசாரணைக்கு வந்த அன்று மேல்முறையீட்டாளரின் வக்கீல் வரவில்லை. கிராமத்து ஆள் ஒருவர் வக்கீலை அமர்த்தி, பீஸ் கொடுத்து, விவரங்களைச் சொல்லிவிட்டு ஊர் திரும்பினால் அவர் வேலை முடிந்தது, வக்கீல் கோர்ட்டுக்குப் போகிறாரா என்று பின்னாலேயே அலைந்து காவல் காக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்ற நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதினார். எதிர்த் தரப்புக்கு ஆன செலவாக 200 ரூபாயை, வராமல்போன அந்த வக்கீலிடமே வசூலிக்கவும் சொன்னார். இன்றுவரை எக்ஸ்பார்ட்டி ரத்து மனுக்களில் முதலில் நீட்டப்படும் தீர்ப்பு இதுதான்.

1993, சலீல் தத்தா வழக்கு. கல்கத்தாவில் ஒரு தனியார் நிறுவனம் வாடகைதாரர், வழக்கு காலி செய்யச் சொல்லி. தங்கள் இடைநிலை மனுக்கள் (வழக்கின் நடுவே போட்ட மனுக்கள்) முடியும்வரை ஆஜராக வேண்டாம் என்று வக்கீல் யோசனை சொன்னாராம், அதைக் கேட்டு நிறுவனம் வரவில்லை. உச்ச நீதிமன்றம் மசியவில்லை. ரஃபீக் தீர்ப்பு எல்லோருக்கும் பொருந்தும் பொது விதியல்ல, அது அந்த வழக்கின் சூழலுக்குச் சொன்னது, படித்த அதிகாரிகளைக் கொண்ட, அதே ஊரில் இருக்கும் கம்பெனி வக்கீல் மீது பழிபோட்டுத் தப்பிக்க முடியாது என்றது. வக்கீல் கட்சிக்காரரின் முகவர், முகவர் செய்ததும் செய்யாததும் முதலாளியைச் சேரும் என்ற அடிப்படையும் அதில் வலுவாக வந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வக்கீல் செய்த தவறின் அளவு எங்கும் அளக்கப்படவில்லை என்பது தெரியும். கோர்ட் அளப்பது கட்சிக்காரரை. அவர் யார், எங்கே இருந்தார், என்ன தெரியும், தெரிந்த பிறகு என்ன செய்தார்.

இதைக் கிட்டத்தில் பார்க்க 1998ஆம் ஆண்டு பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி தீர்ப்பைப் போல ஒன்று கிடையாது. தமிழ்நாட்டு வழக்கு. உரிமை விளம்புகை (சொத்தின் உரிமை தன்னுடையது என்று அறிவிக்கச் சொல்லி) கோரிய வழக்கில் 1991 அக்டோபர் 28 அன்று எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணை ஆனது. பிரதிவாதி பாலகிருஷ்ணன் ரத்து மனுப் போட வக்கீலை அமர்த்தினார், மனுவும் போடப்பட்டது. 1993 பிப்ரவரி 17 அன்று அந்த மனுவே ஆஜராகாததால் தள்ளுபடியானது. வக்கீல் சொல்லவில்லை. 1995 ஜூலையில் நிறைவேற்று மனுவில் (தீர்ப்பாணையை அமல்படுத்தக் கோரி வாதி போட்ட மனுவில்) நோட்டீஸ் வந்தது. ஓடிப்போய்க் கேட்டபோது, தடை உத்தரவு இல்லாததால் எதிர்த் தரப்பு நிறைவேற்று மனுப் போட்டிருக்கலாம் என்று வக்கீல் சமாதானம் சொன்னார். பிறகு பார்த்தால் அந்த வக்கீல் தொழிலையே விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தார். 1995 ஆகஸ்ட் 19 அன்று புதிய மனு. தள்ளுபடியான நாளிலிருந்து 913 நாள், அதில் சட்டம் தரும் 30 போக 883 நாள் தாமதம்.

கீழமை நீதிமன்றம் மன்னித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கே.டி. தாமஸ் மீண்டும் கீழமை நீதிமன்ற உத்தரவுக்கே உயிர் கொடுத்தார். தாமதம் எத்தனை நாள் என்பது பொருட்டல்ல, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்றார். சில நாள் தாமதத்தைக்கூட மன்னிக்க முடியாமல் போகலாம், மிக நீண்ட தாமதத்தை மன்னிக்கலாம். எதிர்த் தரப்புக்கு 10,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கவனிக்க வேண்டிய விவரம் ஒன்று. இவர் சும்மா புலம்பிக்கொண்டிருக்கவில்லை. அந்த வக்கீல் மீது நுகர்வோர் மன்றத்துக்குப் போய் 50,000 ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவும் வாங்கியிருந்தார். வக்கீலின் அலட்சியம் என்பது அவர் வாய்மொழியாக மட்டும் இல்லாமல், ஒரு மன்றம் விசாரித்து எழுதிய தாளாகக் கையில் இருந்தது.

அப்புறம் காற்று கொஞ்சம் திசை மாறியது. 2024 நவம்பரில், ரஜ்னீஷ் குமார் எதிர் வேத் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வக்கீல்கள் மீது பழியைச் சுமத்தும் போக்கு கூடிவருகிறது என்று கண்டித்தது. வக்கீல் அலட்சியமாகவே இருந்தார் என்று வைத்துக்கொண்டாலும், அதை மட்டும் வைத்து நெடுந்தாமதத்தை மன்னிக்க முடியாது, தன் வழக்கு என்ன ஆயிற்று என்று விசாரிப்பது கட்சிக்காரரின் கடமை என்றது. இது பாலகிருஷ்ணன் தீர்ப்பைத் தூக்கி எறியவில்லை. ஆனால் கீழமை நீதிமன்றங்களில் எதிர்த் தரப்பு இப்போது இதைத்தான் நீட்டுகிறது. இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தெரிந்துவிடும் காலத்தில், "பின்னாலேயே அலைய வேண்டியதில்லை" என்ற 1981ஆம் ஆண்டு வாதம் நகரத்துப் படித்த கட்சிக்காரருக்கு எடுபடுவது கடினம் என்பது என் கணிப்பு.

மஞ்சள் காமாலையும் பிரமாணப் பத்திரமும்

தமிழ்நாட்டு கோர்ட்டுகளில் எக்ஸ்பார்ட்டி ரத்து மனுக்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு நோய் நன்றாகப் பரிச்சயம். "அன்றைய தேதியில் நான் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு, நாட்டு மருந்து சாப்பிட்டு, படுத்த படுக்கையாக இருந்தேன்." நாட்டு மருந்து ஏன் என்றால், அதற்கு ஆஸ்பத்திரி சீட்டு காட்ட வேண்டியதில்லை. குமாஸ்தா கம்ப்யூட்டரில் இந்த வாக்கியம் தயாராக இருக்கும், பெயரும் தேதியும் மட்டும் மாறும்.

சிரிக்கத் தோன்றும், ஆனால் வக்கீலின் தவறு என்ற உண்மையான காரணம் செத்துப்போவது இங்கேதான். யோசித்துப் பாருங்கள். ரத்து மனுவை எழுதுவது யார்? பெரும்பாலும் கோட்டைவிட்ட அதே வக்கீல். "நான் தேதியைத் தவறாகக் குறித்தேன்" என்று அவர் தன்னைப் பற்றியே எழுதுவாரா? காமாலை எழுதுவார். கட்சிக்காரர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். எதிர்த் தரப்பு ஆட்சேபித்து, கட்சிக்காரர் கூண்டில் ஏறும்போது எந்த வைத்தியர், எத்தனை நாள், யார் கூட இருந்தார்கள் என்ற நாலு கேள்வியில் கதை உடைந்துவிடும். அதற்குப் பிறகு "உண்மையில் வக்கீல்தான் சொல்லவில்லை" என்றால், அது இரண்டாவது பொய்யாகத்தான் கேட்கும். மேல் கோர்ட்டில் மாற்றிச் சொல்லவும் முடியாது.

அதனால் தவறு வக்கீலுடையது என்றால், மனு எழுதும்போது இவை இருக்க வேண்டும்:

1. தேதிவாரியான கணக்கு. எப்போது வக்காலத்துப் போட்டது, எப்போது எக்ஸ்பார்ட்டி, எப்போது தீர்ப்பாணை, யார் மூலம் எப்படித் தெரிந்தது, தெரிந்த நாளிலிருந்து மனு நாள்வரை என்ன நடந்தது. இந்தக் கடைசித் துண்டில் இடைவெளி இருந்தால் அதை வக்கீல் தலையில் கட்ட முடியாது.
2. விசாரித்துக்கொண்டிருந்ததற்கான தடயம். வாட்ஸ்அப் செய்தி, போன் அழைப்புப் பதிவு, பீஸ் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், ஊரிலிருந்து வந்துபோன டிக்கெட். ஒன்றுமே இல்லாவிட்டால் சாட்சி.
3. முடிந்தால் முன்னாள் வக்கீலின் பிரமாணப் பத்திரம். டைரியில் தேதி மாறியது, குமாஸ்தா மாறியபோது கேஸ் கட்டு வேறு அலமாரிக்குப் போனது, அவருக்கே உடல்நலம் இல்லாமல் போனது என்று அவரே எழுதிக் கொடுத்தால் மனுவுக்குப் பாதி பலம் வந்துவிடும்.
4. வேறு வக்கீல். பழையவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் இந்த மனுவில் சாட்சியாக வேண்டியவர்.

வக்கீல் "கட்சிக்காரரிடமிருந்து தகவல் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகியதால் எக்ஸ்பார்ட்டி ஆன வழக்கு தனி ரகம். அப்படி விலகினால் கட்சிக்காரருக்கு நோட்டீஸ் போக வேண்டும், போகாமல் தீர்ப்புச் சொன்னது சரியல்ல என்று 1998இல் உச்ச நீதிமன்றம் ஒரு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணையை ரத்து செய்திருக்கிறது. தினசரிக் குறிப்பில் இந்த வரி கண்ணில் பட்டால் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

மனுப் போட்டால் ஜப்தி நிற்குமா?

தானாக நிற்காது. ரத்து மனுவோடு நிறைவேற்றத்துக்கு இடைக்காலத் தடை கேட்டுத் தனி மனுவும் போட வேண்டும். பண வழக்கு என்றால் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி நிபந்தனை வரலாம். விதி 13 அந்த அதிகாரத்தைக் கோர்ட்டுக்குக் கொடுத்திருக்கிறது. நிபந்தனைத் தேதி தவறினால் மனு தள்ளுபடி. மறுபடி வக்கீலைக் குறை சொல்லி மறுபடி வர முடியாது என்று வைத்துக்கொள்வது நல்லது.

தாமதத்தின் உண்மையான விலை ஏலத்தில் தெரியும். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணை ரத்தானால், அதன்மூலம் வாதி பெற்றதை உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 144இன் கீழ் திரும்பக் கேட்கலாம். கோர்ட் ஏலத்தில் வாதியே சொத்தை எடுத்திருந்தால் திரும்ப வரும். ஆனால் வழக்குக்குச் சம்பந்தமில்லாத மூன்றாம் நபர் ஏலம் எடுத்திருந்தால் கதை வேறு. தீர்ப்பாணை பிறகு ரத்தானாலும் அந்த ஏலத்தை உறுதிசெய்ய வேண்டும் என்று 1967லேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. நீங்கள் வழக்கில் ஜெயித்தாலும் கிடைப்பது பணமாகத்தான் இருக்கும், வீடாக இருக்காது. விதி 13 மனுவில் ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருப்பவர்கள் நிறைவேற்று மனுவில் ஏலத் தேதி எப்போது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மனு அனுமதிக்கப்பட்டால் வழக்கு அறுந்த இடத்திலிருந்து தொடரும், அவ்வளவுதான். எதிருரை போடாமல் இருந்திருந்தால் உடனே போட வேண்டும். தள்ளுபடியானால் கட்டளை 43 விதி 1(டி)இன்படி மேல்முறையீடு உண்டு. தாமத மன்னிப்பு மனு மட்டும் தள்ளுபடியானால் இங்கே வழக்கமாக உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுதான் (ரிவிஷன்) போடுகிறார்கள்.

வக்கீலை என்ன செய்யலாம்?

பாலகிருஷ்ணன் போன வழி இன்று அடைபட்டுவிட்டது. வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது, அது தனிப்பட்ட சேவை ஒப்பந்தம் என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது மிச்சம் இரண்டு வழி. ஒன்று, அலட்சியத்துக்கு இழப்பீடு கேட்டு சிவில் வழக்கு. அதில் வக்கீல் கோட்டைவிட்டார் என்று காட்டினால் போதாது, அவர் ஒழுங்காக நடத்தியிருந்தால் மூல வழக்கில் உங்களுக்கு வெற்றி வாய்ப்பு இருந்தது என்றும் காட்ட வேண்டியிருக்கும். இன்னொன்று, 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 35இன் கீழ் மாநில பார் கவுன்சிலில் புகார். அங்கே விசாரிப்பது தொழில் ஒழுங்கீனத்தை. ஒரு தேதியை மறந்தது எல்லா நேரமும் ஒழுங்கீனம் ஆகிவிடாது. பணத்தை வாங்கிக்கொண்டு மனுவே போடாதது, போட்டதாகப் பொய் சொன்னது போன்றவை ஆகும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "வக்கீல்தான் காரணம் என்கிறீர்களே, அவர் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று ரத்து மனு விசாரணையிலேயே கேட்கப்படும். புகார் கொடுக்காதவரின் குற்றச்சாட்டைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். ஆனால் புகார் கொடுத்துவிட்டால், மனுவுக்கு மிகவும் தேவையான அந்த முன்னாள் வக்கீலின் பிரமாணப் பத்திரம் கிடைக்காது. என்னைக் கேட்டால், தவறை ஒப்புக்கொண்டு எழுதித் தரும் வக்கீலிடம் முதலில் பிரமாணப் பத்திரத்தை வாங்குவதே மேல். கேஸ் கட்டைத் தர மறுப்பவர், போனை எடுக்காதவர் என்றால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், பதில் வராவிட்டால் பார் கவுன்சில் புகார். இரண்டின் நகலையும் தாமத மனுவோடு இணைத்துவிடலாம்.